கிரேக்கக் கதையில் தன்னைக் கண்ட பிராய்டு

1906-ம் ஆண்டு மே மாதம். வியன்னா நகர டாக்டர் சிக்மண்ட் பிராய்டுக்கு 50 வயது நிறைந்தது. சீடர்கள் ஒன்றுகூடி ஒரு பதக்கத்தைப் பரிசளித்தார்கள். ஒரு பக்கம் பிராய்டின் முகம். மறு பக்கம், பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ் என்னும் அரக்கியின் முன்னே நிற்கும் ஈடிபஸ். அருகே, புதிரை விடுவித்த அந்த வீரனைப் போற்றும் ஓர் அடி, சோபாக்ளீஸின் நாடகத்திலிருந்து.

அதைப் படித்ததும் பிராய்டின் முகம் வெளிறிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. மாணவப் பருவத்தில் அவர் பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் நடந்து, பழைய பேராசிரியர்களின் மார்பளவுச் சிலைகளைப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் தமது சிலையும் அங்கே இடம்பெறும் என்று அப்போது கனவு கண்டார். அதன் கீழே பொறிக்க அவர் மனத்துக்குள் தேர்ந்து வைத்திருந்ததும் இதே அடிதான்! அந்தச் சீடர்களுக்கு இது தெரியாது.

புதிரான குடும்பம்

பிராய்டு 1856 மே 6-ந் தேதி, இன்று செக் நாட்டைச் சேர்ந்த பிரைபர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை யாக்கோப் கம்பளி வியாபாரி; யூதர். தாய் அமாலியா கணவரைவிட ஏறத்தாழ 20 வயது இளையவர். யாக்கோபின் முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவரும் சிற்றன்னையின் வயதை ஒத்தவர்கள். மூத்த அண்ணனின் மகன் ஜான், சிற்றப்பனான பிராய்டைவிட ஒரு வயது பெரியவன். இந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்பதே ஒரு குழந்தைக்குப் புதிராகத்தான் இருந்திருக்கும்.

1860-ல் குடும்பம் வியன்னாவில் குடியேறியது. சிறுவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தந்தை ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். இளமையில் அவர் புதுத் தொப்பி அணிந்து தெருவில் நடந்தபோது, ஒருவன் அதைச் சேற்றில் தட்டிவிட்டு, யூதன் நடைபாதையில் வரக்கூடாது என்று விரட்டினான். அவர் என்ன செய்தார்? பேசாமல் குனிந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். மகனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. வீரத் தந்தையாக அவன் மனம் கண்டது, ரோமாபுரியைப் பழிவாங்க மகன் ஹானிபாலிடம் சத்தியம் வாங்கிய ஹாமில்கரைத்தான்.

பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் அவருக்கு எளிதில் வந்தன. 1873-ல் நடந்த இறுதித் தேர்வில் மொழிபெயர்க்கக் கொடுத்தது ஈடிபஸ் நாடகத்தின் 33 அடிகள். அவர் முன்பே தாமாகப் படித்திருந்த பகுதி அது!

ஈடிபஸ் கதை

தீப்ஸ் நகர மன்னன் லாயஸ். பிறக்கும் மகன் தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று அவனுக்கு அருள்வாக்கு கிடைக்கிறது. பிறந்த குழந்தையின் கால்களைத் துளைத்துக் கட்டி, மலையில் எறிந்துவிட்டு வருமாறு கட்டளையிடுகிறான். ஆனால் குழந்தை பிழைத்து, கொரிந்த் நகர அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்ததும் அதே அருள்வாக்கைக் கேட்ட ஈடிபஸ், வளர்த்தவர்களைப் பெற்றவர்கள் என்று எண்ணி அவர்களை விட்டு ஓடுகிறான். முச்சந்தியில் வழிமறித்த முதியவர் ஒருவரைக் கொல்கிறான். ஸ்பிங்ஸின் புதிரை விடுவித்துத் தீப்ஸை மீட்டு, விதவையான அரசியை மணக்கிறான். கொல்லப்பட்டவர் தந்தை, மணந்தவள் தாய். ஆண்டுகள் பல கழித்து ஊரில் கொள்ளைநோய் பரவ, பழைய மன்னனைக் கொன்றவன் யார் என்று அவனே விசாரிக்கத் தொடங்குகிறான். நிறுத்திவிடு என்று பலர் தடுத்தும் நிறுத்தவில்லை. உண்மை வெளியானதும் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

தன்னையே ஆராய்ந்த டாக்டர்

1881-ல் மருத்துவப் பட்டம் பெற்ற பிராய்டு, பாரிஸில் டாக்டர் ஷார்க்கோவிடம் நரம்பு நோய்களைக் கற்று வந்து, 1886-ல் வியன்னாவில் தொழில் தொடங்கினார். உடலில் கோளாறே இல்லாமல் கை கால் முடங்கியவர்களும் பேச்சிழந்தவர்களும் அவரிடம் வந்தார்கள். அவர்களை மனம்போல் பேசவிட்டு, அடிமனத்தில் புதைந்த நினைவுகளை வெளிக்கொணர்வதே அவர் கண்ட சிகிச்சை.

1896 அக்டோபரில் தந்தை காலமானார். அந்த மரணம் 40 வயது மகனை வேரோடு அசைத்துவிட்டது. அடுத்த ஆண்டு தமது கனவுகளையும் குழந்தைப் பருவ நினைவுகளையும் தாமே ஆராய முற்பட்டார். தாயிடம் தமக்கிருந்த ஆசையும் தந்தைமேல் இருந்த பொறாமையும் அதில் வெளிப்பட்டன. 1897 அக்டோபரில் பெர்லின் நண்பர் பிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். குழந்தைகள் அனைவருக்கும் இது பொது என்றும், ஈடிபஸ் நாடகம் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நம்மை உலுக்குவது இதனால்தான் என்றும் கருதினார். மறந்துபோன நம் ஆசை மேடையில் நடந்தேறக் கண்டு நடுங்குகிறோம் என்பது அவர் விளக்கம்.

1899 இறுதியில் கனவுகளின் விளக்கம் என்ற நூல் இந்தக் கருத்தைத் தாங்கி வந்தது. அச்சிட்டது 600 பிரதிகள். விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின.

அக்ரோபோலிஸ் மலைமீது

1904-ல் தம்பி அலெக்சாண்டருடன் ஏதென்ஸ் சென்றார். அக்ரோபோலிஸ் குன்றில் நின்றபோது, பள்ளியில் படித்த இதெல்லாம் உண்மையாகவே இருக்கிறதா என்ற விசித்திரமான ஐயம் எழுந்தது. மகிழ வேண்டிய நேரத்தில் ஏன் இந்தக் குழப்பம்? 32 ஆண்டுகள் கழித்தே விடை கண்டார். ராமகிருஷ்ணரின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தின் 70-வது பிறந்தநாளுக்கு எழுதிய கடிதத்தில் அதை விளக்கினார். கம்பளி வியாபாரியான தந்தைக்கு உயர்கல்வி இல்லை. ஏதென்ஸ் அவருக்குப் பொருள் தந்திராது. தந்தையால் எட்ட முடியாத இடத்தை எட்டிவிட்டோம் என்ற குற்ற உணர்வுதான் மகிழ்ச்சியைத் தடுத்தது. படித்து முன்னேறிய பிள்ளைகள் பலர் இந்த உணர்வை அறிவார்கள்.

எழுந்த மறுப்புகள்

எல்லோரும் ஒப்பவில்லை. அருமைச் சீடர் யுங் 1913-ல் பிரிந்தார். ஆண்டவனும் அன்னையும் வீரனும் முனிவரும் மனித இனத்துக்கே பொதுவான ஆதி வடிவங்கள். புராணங்கள் அவற்றிலிருந்து பிறக்கின்றன. ஒரே ஒரு கதைக்குள் மனத்தை அடைக்க முடியாது என்பது யுங்கின் வாதம். தாய்மாமனுக்கே அதிகாரம் உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் சிறுவர்களின் பகை மாமன்மேல்தான் திரும்புகிறது என்று மானிடவியலார் மாலினோவ்ஸ்கி காட்டினார்.

இந்தியாவிலிருந்தும் குரல் எழுந்தது. கல்கத்தாவில் 1922-ல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய டாக்டர் கிரீந்திரசேகர் போஸ், பிராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். இந்திய ஆண் நோயாளிகளிடம் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆழ்மன விருப்பம், ஐரோப்பியரைவிட எளிதில் வெளிப்படுகிறது என்று எழுதினார். பிராய்டு முழுதும் ஏற்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. 1931-ல் அவரது 75-வது பிறந்தநாளுக்குச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை, கிரேக்க, எகிப்தியச் சிலைகள் நிறைந்த அவரது மேஜையில் இடம்பெற்றது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

ஈடிபஸ் சிக்கல் எல்லா மனிதருக்கும் பொது என்பதை இன்றைய உளவியலார் பலர் ஏற்பதில்லை. ஆயினும், நாம் அறியாத மனம் நம்மை ஆட்டிவைக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அந்திக்கோனே

1923-ல் தாடையில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். பேசுவதும் உண்பதும் வேதனையாயிற்று. மணம் செய்துகொள்ளாத கடைசி மகள் அன்னா தாதியாகவும் காரியதரிசியாகவும் இருந்தார். தந்தைக்குப் பதிலாக மேடைகளில் அவருடைய உரைகளைப் படித்தார். குருடான ஈடிபஸைக் கைபிடித்து நடத்திச் சென்ற மகள் அந்திக்கோனே. பிராய்டு தம் மகளை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் படை ஆஸ்திரியாவில் புகுந்தது. அன்னாவைக் கெஸ்டபோ விசாரணைக்கு இழுத்துச் சென்றது. மாலையில் திரும்பும் வரை 81 வயது தந்தை அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அதன் பிறகே ஊரைவிட்டுக் கிளம்பச் சம்மதித்தார். ஜூன் 4-ந் தேதி ரயில் ஏறினார். அவரது சிறு வெண்கல அதீனா சிலையை இளவரசி மேரி போனபார்ட் ரகசியமாகக் கடத்தி, பாரிஸில் அவர் கையில் சேர்த்தார். வியன்னாவில் தங்கிய சகோதரிகள் நால்வரும் பின்னாளில் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

ஈடிபஸைப் போலவே பிராய்டும் அந்நிய மண்ணில், மகளின் துணையோடு கண்மூடினார். 1939 செப்டம்பர் 23-ந் தேதி லண்டனில் அவர் உயிர் பிரிந்தது. அஸ்தி, இளவரசி பரிசளித்த பழங்காலக் கிரேக்க ஜாடியில் வைக்கப்பட்டது.

1955-ல் வியன்னா பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் அவரது மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. கீழே அந்த மாணவன் தேர்ந்த அதே அடி. அது புதிரை விடுவித்த ஈடிபஸைப் போற்றுகிறது. தேடும் குற்றவாளி தானே என்று தெரியவரும்போதும் விசாரணையை நிறுத்தாத ஈடிபஸைத்தான் பிராய்டின் வாழ்க்கை நினைவூட்டுகிறது. பிறர் மனத்தைத் தோண்டியதோடு நில்லாமல் தம் மனத்தையும் தோண்டிய துணிவே அவரது பெருமை.