தென்கன்னடம் தந்த உழவர் தலைவர்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், வட ஆர்க்காடு என்பார்கள், சேலம் என்பார்கள். பாட்டனார் பிறந்த ஊரைச் சொல்வதே வழக்கம். 2001இல் சுரங்கத்தை மூடிய பின்னும் இவ்வழக்கம் மாறவில்லை. உழச் சொந்த நிலமின்றிக் கன்னட மண்ணுக்கடியில் இறங்கியவர்கள் எங்கள் முன்னோர். கன்னட மொழிக் குடும்பத்தில் பிறந்த ஒருவரோ, தமிழ் மண்ணின் நிலமற்றோரைத் தேடிச் சென்றார். அவர்தாம் பி. சீனிவாசராவ்.

1907இல் தென்கன்னடத்தில் அந்தணர் வீட்டில் பிறந்தவர். நாட்டு விடுதலை அழைக்கவே படிப்பைத் துறந்தார், சிறை கண்டார், பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். 1943இல் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது.

தஞ்சை நெற்களஞ்சியம் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அந்நெல்லை விளைவித்த பண்ணையாள் என்ன பெற்றான் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. நிலமெல்லாம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் குவிந்து கிடந்தது. விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின் கரையேறியவனுக்குச் சிறு பிழைக்கும் சாட்டையடி விழுந்தது. சாணத்தைக் கரைத்து அவன் வாயில் ஊற்றினார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். பால் என்ற நல்ல சொல்லை இப்படியும் கெடுத்தார்கள்!

சீனிவாசராவ் சேரியிலேயே உண்டார், சேரியிலேயே உறங்கினார். தமக்குத் தாய்மொழியல்லாத தமிழில், அடித்தவனைத் திருப்பி அடிக்கும் துணிவை ஊட்டினார். தனித்தன்று, சங்கமாகச் சேர்ந்து. ஊர்தோறும் கொடி ஏறிற்று. 1944இல் நடந்த மன்னார்குடி ஒப்பந்தத்தில், சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதை மிராசுதார்கள் ஏற்றார்கள். ஏட்டில் ஏற்றது எல்லா வயலிலும் மறுநாளே நடந்துவிடவில்லை.

1953இல் வந்த ‘ஷேன்’ என்ற அமெரிக்கப் படத்தை நண்பர் பலரும் பார்த்திருப்பீர்கள். மாட்டுப் பண்ணைக்காரன் ஒருவன் சிறு குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டப் பார்க்கிறான். குதிரையில் வந்த வீரன் ஒருவன் அவனைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் போய்விடுகிறான். குடியானவர்கள் அவன் கையை நம்பியே பிழைக்கிறார்கள். எனக்குப் பிடித்த படந்தான். ஆயினும் வீரன் போன பிறகு இன்னொரு பண்ணைக்காரன் வந்தால் என்ன செய்வார்கள் என்று நினைக்காமலிருக்க முடியவில்லை. சீனிவாசராவ் தஞ்சையை விட்டுப் போகவில்லை. அடக்குமுறைக் காலத்தில் தலைமறைவாக இருந்தும் பணி செய்தார்.

1952இல் இராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு என்றாயிற்று. நினைத்தபோது வெளியேற்றுவதற்கும் தடை வந்தது. அடுத்து எழுந்தது, ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்ற கேள்வி. 30 தர ஏக்கர் என்று உச்சவரம்புச் சட்டம் வகுத்தார்கள், விலக்குகளும் வைத்தார்கள். நிலவியல் பயிலும் நான் பாறையில் எவ்வளவு சிறிய விரிசலையும் தேடிக் காண்பவன்; அச்சட்டத்தின் விரிசல்களைக் காண அந்தப் பயிற்சி வேண்டியதில்லை! அவற்றை அடைக்கக் கோரி 1961இல் நடந்த போராட்டத்தில் சீனிவாசராவ் முன் நின்றார். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் காலமானார். வயது 54. திருத்துறைப்பூண்டியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஏழாண்டுகள் சென்றன. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தின் கொடியை இறக்க மறுத்ததுமே அவ்வூரார் செய்த குற்றம்.