பூமியை நகர்த்தியவரின் ஊர்களுக்கு மூன்று நாள்

ஆண்டிறுதி விடுமுறையில் போலந்துக்குச் செல்ல மூன்று நாள் திட்டம் ஒன்று போட்டிருக்கிறேன். அதில் இரண்டே நகரங்கள்: டோருன், கிராக்கோவ். இரண்டும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் உள்ள பழைய நகரங்கள். இரண்டையும் விஸ்துலா ஆறு தொட்டுச் செல்கிறது. ஆனால், நான் இவற்றைத் தேர்ந்தெடுத்தது ஒரு மனிதருக்காக. சூரியன் நம்மைச் சுற்றவில்லை, நாம்தான் சூரியனைச் சுற்றுகிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸ் பிறந்த ஊர் டோருன். படித்த ஊர் கிராக்கோவ்.

வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் கிராக்கோவிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் டோருனில் தொடங்குகிறேன். ஒருவரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போவதென்றால், அவர் பிறந்த இடத்திலிருந்து போவதுதானே முறை?

முதல் நாள் முழுவதும் டோருனுக்கு. 1473ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி கோப்பர்னிக்கஸ் இங்கே பிறந்தார். அவருடைய தந்தை கிராக்கோவிலிருந்து வந்து குடியேறிய செம்பு வணிகர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி கோப்பர்னிக்கஸ். செங்கல்லால் கட்டிய உயரமான வணிகர் வீடுகள் நிறைந்த பழைய நகரத்தில், அவர் பெயரைத் தாங்கிய தெருவில், கோப்பர்னிக்கஸ் இல்லம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சந்தைச் சதுக்கத்தில் 1853ல் நிறுவப்பட்ட அவருடைய சிலை நிற்கிறது. இஞ்சியும் தேனும் சேர்த்துச் சுடும் ரொட்டிக்கும் இந்த ஊர் பெயர்பெற்றது. அதற்கும் திட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

கோப்பர்னிக்கசுக்குப் பத்து வயதானபோது தந்தை இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் தந்தையை இழந்த பையனின் படிப்பு அதோடு நின்றுபோவது புதிதல்ல. தாய்மாமன் லூக்காஸ் வாட்சன்ரோட கைகொடுத்தார். பின்னாளில் வார்மியா என்ற பகுதியின் ஆயரான அவர், அக்காள் மகன்களின் படிப்பைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அந்த மாமன் இல்லாவிட்டால் வானியல் வரலாறு வேறு பெயரோடு எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாம் நாள் காலை ரயில். டோருனுக்கும் கிராக்கோவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வார்சாவில் ரயில் மாறினால் காத்திருக்கும் நேரத்தோடு சேர்த்து அரை நாள் போய்விடும். கோப்பர்னிக்கஸ் 1491ல் அண்ணன் ஆண்ட்ரூவுடன் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது, இந்தத் தொலைவைக் கடக்கப் பல நாள் ஆகியிருக்கும். அப்போது அவருக்கு வயது 18.

1364ல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் கணிதத்துக்கும் வானியலுக்கும் அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்தது. அதன் பழைய கட்டடமான ‘கொலீஜியம் மாயுஸ்’ இன்றும் இருக்கிறது. வளைவுத் தூண்கள் சூழ்ந்த அதன் முற்றத்துக்கும் உள்ளே உள்ள அருங்காட்சியகத்துக்கும் மூன்றாம் நாள் காலையை வைத்திருக்கிறேன். 1510 வாக்கில் செய்யப்பட்ட சிறிய உலக உருண்டை ஒன்று அங்கே உண்டு. அப்போதுதான் ஐரோப்பியர்களுக்குத் தெரியவந்த அமெரிக்கக் கண்டம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. நிலப்படம் மாறிக்கொண்டிருந்த காலத்தில் வானத்தின் படம் மட்டும் மாறாமல் இருக்குமா?

வானத்தின் படம் அன்று இதுதான்: பூமி நடுவில் அசையாமல் நிற்கிறது, சூரியன், நிலா, கோள்கள் எல்லாம் அதைச் சுற்றுகின்றன. கிரேக்க வானியலாளர் தாலமி வகுத்த இந்த முறை சுமார் 1,300 ஆண்டுகளாக வழக்கில் இருந்தது. அதில் ஒரு சிக்கல். செவ்வாய் போன்ற கோள்கள் சில வாரங்கள் நின்று, பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னே செல்வதுபோல் தெரியும். இதை விளக்கத் தாலமி வட்டத்துக்குள் வட்டம் போட்டார்.

கோப்பர்னிக்கசின் விளக்கத்தைப் பள்ளித் திடலில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓடுபாதையின் உள்வட்டத்தில் நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். வெளிவட்டத்தில் நண்பர் மெதுவாக ஓடுகிறார். அவரை நீங்கள் முந்தும் நொடியில், தூரத்து மரங்களின் பின்னணியில் அவர் பின்னால் போவதுபோல் தெரியும். உண்மையில் இருவருமே முன்னால்தான் ஓடுகிறீர்கள். பூமியும் அப்படித்தான் செவ்வாயை முந்துகிறது. பூமி ஓடுகிறது என்று ஒப்புக்கொண்டால், கோள்கள் பின்னே நகரும் புதிர் அவிழ்ந்துவிடும்.

கிராக்கோவில் நான்காண்டு படித்தும் பட்டம் வாங்காமலே கோப்பர்னிக்கஸ் புறப்பட்டார். இத்தாலியில் பொலோஞாவில் திருச்சபைச் சட்டமும் பதுவாவில் மருத்துவமும் பயின்றார். 1503ல் ஃபெராராவில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வானியலை எந்த நாளும் விடவில்லை. 1497 மார்ச் 9ஆம் தேதி, பொலோஞாவில், நிலா ரோகிணி விண்மீனை மறைத்ததைக் கவனித்துக் குறித்துவைத்தார்.

என் பயணத் திட்டத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. கோப்பர்னிக்கஸ் தம் பெரிய வேலையைச் செய்தது டோருனிலும் அல்ல, கிராக்கோவிலும் அல்ல. வடக்கே, பால்டிக் கடலின் காயலோரத்தில் உள்ள ஃபிரோம்போர்க் என்ற சிற்றூரில். அங்கிருந்த பேராலயத்தின் நிர்வாகக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். அதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை.

அந்த வேலை இலேசானதல்ல. ஆலய நிலங்களின் கணக்கைப் பார்த்தார். ஆயர்களுக்கும் ஏழைகளுக்கும் வைத்தியம் செய்தார். ரொட்டி விலையை நிர்ணயிக்க முறை வகுத்தார். தரம் குறைந்த நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்று ஆய்ந்து எழுதினார். 1520ல் போர் மூண்டபோது ஓல்ஷ்டின் கோட்டையின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தார். இவ்வளவுக்கும் நடுவே, மேகம் இல்லாத இரவுகளில், வானத்தை அளந்தார். தொலைநோக்கி கிடையாது. அது வருவதற்கு அவர் இறந்தபின் இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மரத்தால் செய்த கோணமானிகளும் வெறுங்கண்ணும்தான் அவரிடம் இருந்தவை.

1514க்குள் தம் கருத்தின் சுருக்கத்தைக் கையெழுத்துப் பிரதியாக நண்பர் சிலருக்கு அனுப்பிவிட்டார். முழு நூல் அச்சில் வந்தது 1543ல். நடுவே ஏறத்தாழ முப்பது ஆண்டு! ஏன் இந்தத் தாமதம்? திருச்சபை தண்டிக்கும் என்ற பயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவரைத் தீயிட்டுக் கொன்றதாகச் சொல்பவர்களும் உண்டு. அது உண்மையல்ல. அவருடைய நூல் போப்பாண்டவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. படித்தவர்கள் கேலி செய்வார்கள் என்ற தயக்கத்தை அந்தக் காணிக்கை உரையில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கணக்கும் அவர் விரும்பிய அளவுக்குத் துல்லியமாகப் பொருந்தவில்லை. கோள்கள் நிறைவட்டத்தில் சுற்றுகின்றன என்று நம்பியதால் அவரும் சிறு வட்டங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் வெளியிட்டது 1609ல்தான்.

அவருடைய தயக்கத்தைப் போக்கியவர் ஓர் இளைஞர். 1539ல் ரெட்டிக்கஸ் என்ற 25 வயதுக் கணித ஆசிரியர், யாரும் அழைக்காமலே ஃபிரோம்போர்க்குக்கு வந்து சேர்ந்தார். இரண்டாண்டுக்கு மேல் மாணவராக உடனிருந்தார். குருவின் கருத்தை முதலில் தாமே சிறு நூலாக வெளியிட்டார். பிறகு முழு நூலையும் அச்சிட நூரம்பர்க்குக்குக் கொண்டுசென்றார். அங்கே அச்சுப் பணியைக் கவனித்த வேறொருவர், இது கணக்குக்கு உதவும் ஒரு கற்பனை மட்டுமே என்று பெயர் போடாத முன்னுரை ஒன்றைச் சேர்த்துவிட்டார். அதைத் திருத்தும் நிலையில் கோப்பர்னிக்கஸ் இல்லை. 1542 இறுதியில் பக்கவாதம் தாக்கிப் படுத்த படுக்கையாகியிருந்தார். அச்சான நூல் இறக்கும் நாளில்தான் அவர் கைக்கு வந்தது என்று சொல்லப்படுகிறது. 1543 மே 24ஆம் தேதி, 70ஆம் வயதில் காலமானார். 1616ல் திருச்சபை அந்நூலுக்குத் தடை விதித்தபோது அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

அவர் தம் கையாலேயே எழுதிய மூலப்பிரதி பல நாடு சுற்றி, 1956ல் கிராக்கோவுக்கு வந்து, அவர் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. பட்டம் வாங்காமல் போன மாணவரின் ஏடுகள் அந்தக் கல்விக்கூடத்தின் பெருஞ்செல்வமாகிவிட்டன.

வேலையும் கடமையும் போக மிஞ்சிய நேரத்தில் செய்த காரியம் இது. பாடம், இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்தபின் நேரமே இல்லை என்று சொல்லும் இளையர்களுக்கு, ஃபிரோம்போர்க்கின் அந்த இரவுகளை நினைவுபடுத்த விரும்புகிறேன். அதனால்தான் மூன்று நாளை நான்காக்கி, டோருனுக்கும் கிராக்கோவுக்கும் இடையே அந்தச் சிற்றூரையும் சேர்த்துவிட்டேன்.

அங்குள்ள பேராலயத்தில் பெயர்கூடப் பொறிக்காத இடத்தில் அவரைப் புதைத்திருந்தார்கள். 2005ல் எலும்புகள் கிடைத்தன. அவர் வைத்திருந்த நூல் ஒன்றில் சிக்கியிருந்த முடியோடு மரபணுவை ஒப்பிட்டு, அவர்தாம் என்று ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2010ல் மரியாதையுடன் மறுபடி அடக்கம் செய்தார்கள். இப்போது அங்கே கறுப்புக் கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் பொன்னிறச் சூரியன். சுற்றிலும் ஆறு கோள்கள். அவர் காலத்தில் மனிதர் அறிந்திருந்தவை அவ்வளவுதான். அந்த ஆறில் ஒன்றாகப் பூமியைக் கொண்டுபோய் வைத்தவர் அவர்.