ஃப்ளாஷ் அப்பா

கல்யாண வீட்டில் போட்டோகிராபர் ஃப்ளாஷ் அடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோமே, அந்த வெளிச்சத்தை நமக்குத் தந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரும் நம்மைப் போல எலக்ட்ரிக்கல் படித்த மாணவர்தான். பெயர் ஹெரால்டு எட்ஜர்ட்டன்.

1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது ஆரோரா என்ற சின்ன ஊர். லீவு நாட்களில் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1925-இல் பட்டம், அப்புறம் ஒரு வருடம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, 1926-இல் எம்.ஐ.டி.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது சிங்க்ரனஸ் மோட்டார். லோடு திடீரென்று மாறினால் ரோட்டார் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். சுற்றுகிற ரோட்டாரைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? ஆய்வுக்கூடத்தில் இருந்த பாதரச ட்யூப் விட்டு விட்டு மின்னியபோது, ஓடுகிற ரோட்டார் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது! வேறொருவர் பார்த்துவிட்டுப் போயிருப்பார். இவர் அதையே பிடித்துக்கொண்டார். அவருடைய ஸ்ட்ரோபோஸ்கோப் உருவானது. 1931-இல் டாக்டர் பட்டமும் வந்தது.

அந்தக் காலத்து ஃப்ளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் குப்பைக்குத்தான். எட்ஜர்ட்டனின் ட்யூபோ மறுபடி மறுபடி மின்னும். பால் துளி விழுந்து கிரீடம் போல எழும்புவதை 1957-இல் படம் பிடித்தார். ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போகும் துப்பாக்கிக் குண்டை 1964-இல் நிறுத்திக் காட்டினார்.

உள்ளே நடப்பது என்ன? மூன்றே வேலை. கண்டென்சர் சுமார் 300 வோல்ட்டுக்குச் சார்ஜ் ஆகிறது. ட்ரிக்கர் சுருள் பல ஆயிரம் வோல்ட் தட்டுத் தட்டுகிறது. ட்யூபில் உள்ள செனான் வாயு கடத்தத் தொடங்கி, சார்ஜ் மொத்தமும் ஒரே மின்னலாகக் கொட்டுகிறது. அவ்வளவுதான்!

இந்த மூன்றையும் தெரிந்து வைத்ததன் பலனை நம் விழாவிலேயே பார்த்தேன். பரிசளிப்பு நேரம். மன்றத்து ஃப்ளாஷ் அடிக்கல. வரிசையில் ஒரு முதலாண்டு மாணவர். அவருடைய அம்மா ஊரிலிருந்து பஸ் மாறி வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தர் ட்யூப் போச்சுன்னார், இன்னொருத்தர் செல் போச்சுன்னார். நான் ஃப்ளாஷின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். பளிச்! அப்படின்னா கண்டென்சர், ட்ரிக்கர், ட்யூப் மூன்றும் நல்லா இருக்கு. கோளாறு கேமராவுக்கும் ஃப்ளாஷுக்கும் நடுவில். கழற்றி, இரண்டு பக்கத்துக் காண்டாக்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, கடைசி வரை தள்ளி, பூட்டை இறுக்கினேன். அடித்தது. அந்த அம்மாவுக்குப் படம் கிடைத்தது.

டெஸ்ட் பட்டனுக்கும் அடிக்கலையா? ரெடி விளக்கைப் பாருங்கள். அது எரியலைன்னா செல்லையும், செல் முனையில் பூத்த உப்பையும் கவனியுங்கள். விளக்கு எரிந்தும் அடிக்கலைன்னா ட்ரிக்கரோ ட்யூபோதான். டெஸ்டில் அடித்துக் கேமராவில் அடிக்கலைன்னா, சைலன்ட் ஷட்டர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; பல கேமராக்களில் அது ஃப்ளாஷை நிறுத்திவிடும். ஒரு எச்சரிக்கை: செல்லை எடுத்த பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், ஆளைக் கொல்லும். திறக்காதீர்கள். சில பழைய ஃப்ளாஷ்களின் காண்டாக்டில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடக்கூடும்.

எட்ஜர்ட்டன் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து இரவில் தரையைப் படமெடுக்கும் ராட்சத ஃப்ளாஷ் செய்தார். 1944 ஜூன் 5 இரவு, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னால், அதை வைத்துத்தான் எதிரிப் பகுதியைப் படமெடுத்தார்கள்.

1953 முதல் கூஸ்தோவின் கப்பலில் ஆழ்கடல் வேலை. அந்தக் குழுவினர் வைத்த செல்லப் பெயர் பாப்பா ஃப்ளாஷ். நம்ம ஊர்ப் பாப்பா இல்லீங்க, ஃப்ளாஷ் அப்பா! அங்கே ஒரு விசித்திரச் சிக்கல். கேமராவையும் ஃப்ளாஷையும் கயிற்றில் ஆழத்துக்கு இறக்கினால், தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. தரைக்கு எட்டாத உயரத்தில் ஃப்ளாஷ் அடித்தால் படத்தில் வெறும் இருட்டுதான். ஃப்ளாஷைக் குறை சொல்லி என்ன பயன்? ஒலி எழுப்பும் கருவி ஒன்றைக் கேமராவோடு கட்டி இறக்கினார். நேராக வரும் ஒலிக்கும் தரையில் பட்டு வரும் எதிரொலிக்கும் உள்ள நேர வித்தியாசத்தில் உயரம் தெரிந்துவிட்டது. கோளாறு எந்த இடத்தில் என்று முதலில் கண்டுபிடித்ததால் வந்த வெற்றி இது.

மாணவர்கள் அவரை டாக் என்றே கூப்பிட்டார்கள். 1990 ஜனவரி 4 அன்று, 86 வயதில், எம்.ஐ.டி. வளாகத்திலேயே உயிர் பிரிந்தது.

நண்பர்களே, நாளைக்கு நாம் போகிற ஒர்க்‌ஷாப்பில் மெஷின் நின்றுபோகும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். நடுவில் எங்கே தொட்டுப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் டிப்ளமோவுக்கு மரியாதை அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது!