தோற்றவர் கட்டிய பல்கலைக்கழகம்



இந்த வருஷம் நம்ம மாணவர் பேரவைத் தேர்தலில் நான் நின்றதும், பதினோரு ஓட்டில் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் கேன்டீன் பக்கமே போகவில்லை. ஜெயித்த அணியே என்னைக் கூப்பிட்டு, மலர்க் குழுவில் சேர்ந்து வேலை செய்யச் சொன்னபோது முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோற்றவனுக்கு இங்கே என்ன வேலை என்கிற வீம்புதான். அந்தச் சமயத்தில் நூலகத்தில் என் கையில் கிடைத்தது சர் சி.ஆர். ரெட்டியின் வாழ்க்கை.

கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி 1880-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி சித்தூர் பக்கத்தில் கட்டமஞ்சியில் பிறந்தார். சித்தூர் அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. அவர் நம்மில் பலரைப் போல இல்லாத வீட்டுப் பிள்ளை அல்ல. ஆனால் படிப்பு யாருக்கும் சும்மா வருவதில்லையே! சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கும்போதே தெலுங்கில் முசலம்ம மரணம் என்ற காவியம் எழுதினார். அரசு உதவித்தொகை பெற்று 1902-ல் கேம்பிரிட்ஜ் போனார். பேச்சில் சூரர். கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற பேர்பெற்ற மாணவர் சங்கத்தில் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், வெள்ளைக்கார மாணவர்கள் நடுவில்!

ஊர் திரும்பியதும் பரோடா கல்லூரியில் வேலை. பிறகு மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியர், முதல்வர். அதன் பிறகு மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைக்கே தலைவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடங்களின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று உறுதியாக நின்றார். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான்.

1921-ல் அந்தப் பெரிய வேலையை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தார். நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்டசபைக்குள் போனார். பனகல் ராஜாதான் முதல் மந்திரி. சென்னை தி. நகரில் பனகல் பார்க் இருக்கிறதே, அவர் பெயரில் உள்ளதுதான். தலைமையோடு ஒத்துப்போகாமல் ரெட்டியும் சிலரும் பிரிந்தார்கள். 1923 நவம்பரில் பனகல் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65. தோற்றுப்போனார். 21 ஓட்டு வித்தியாசம். என்னுடைய பதினோரு ஓட்டு எந்த மூலைக்கு!

கதை இங்கேதான் திரும்புகிறது. அதே பனகல் ராஜா ஆட்சியில் 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. முதல் துணைவேந்தர் யார் தெரியுமா? அந்த ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த சி.ஆர். ரெட்டிதான். கூப்பிட்டவர்களும் பழசைப் பார்க்கவில்லை, போனவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் பல்கலைக்கழகம் பெஜவாடாவில் இருந்தது. எந்த ஊரில் நிலையாக வைப்பது என்று ஊருக்கு ஊர் போட்டி. கடைசியில் 1930-ல் விசாகப்பட்டினம் வால்டேருக்குப் போனது. ஜெய்ப்பூர் மகாராஜா விக்ரம தேவ வர்மா அள்ளிக் கொடுத்த நன்கொடையில், அவர் பெயரிலேயே அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. டிப்ளமோ படிக்கிற நமக்கு இதில் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா?

1930-ல் சுதந்திரப் போராட்டத்தை அரசு அடக்கிய விதம் பிடிக்காமல், தான் வளர்த்த பதவியையே ராஜினாமா செய்தார். அடுத்து டாக்டர் ராதாகிருஷ்ணன் 1931 முதல் 1936 வரை துணைவேந்தராக இருந்தார். 1936-ல் ரெட்டி திரும்ப வந்தார், 1949 வரை இருந்தார். உலகப் போரில், 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. வளாகத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் குண்டூருக்குப் போய், போர் முடிந்தபின் வால்டேர் திரும்பியது. மூட்டை கட்டிப் போனதும் வந்ததும் அவர் காலத்தில்தான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. எந்த அரசை எதிர்த்து ராஜினாமா செய்தாரோ அதே அரசிடம் பிற்பாடு சர் பட்டம் வாங்கிக்கொண்டார். அது எனக்கு உறுத்துகிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1951-ல் காலமானார். ஏலூரில் அவர் பெயரில் கல்லூரிகள் இருக்கின்றன. அதில் ஒன்று பாலிடெக்னிக்!

சட்டசபையில் அவர் தோற்ற 44 ஓட்டு இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வால்டேர் கடற்கரைக் குன்றில் பல்கலைக்கழகம் நிற்கிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே, ஜெயித்த நண்பனைத் தேடிப் போய் மலர்க் குழுவில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரில் பிழை திருத்தியது நான்தான். எங்காவது எழுத்துப்பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவனை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்