வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார்

வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880 - 1942) இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையும் எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற தமிழ்ப் புதின எழுத்தாளர் ஆவார். மேனகா, கும்பகோணம் வக்கீல் ஆகியன இவருடைய புதினங்களுள் பெரிதும் அறியப்பட்டவை. மனோரஞ்சனி என்னும் மாத இதழையும் இவர் நடத்தினார்.

வாழ்க்கை

மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூர் இவரது ஊர். பி. ஏ. பட்டம் பெற்ற இவர், அரசுப் பணியில் தாசில்தாராக இருந்தார். பின்னர் அப்பதவியை விட்டு விலகி, எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். தாசில்தார் வேலைக்கு இருந்த மதிப்பையும், தமிழில் எழுதிப் பிழைப்பது அன்று எத்துணை அரிது என்பதையும் எண்ணினால் இது துணிவான முடிவே.

மாத இதழும் புதினமும்

ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றிருந்த காலம் அது. மாதந்தோறும் புதினப் பகுதிகளைத் தாங்கி வந்த இதழ்கள் வாசகர்களைக் கதை முடியும்வரை காத்திருக்கச் செய்தன. மனோரஞ்சனியும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பள்ளி சென்று பயிலாத வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுத்துலகில் நிலைபெற்றதில் ஐயங்காருக்குப் பங்குண்டு. நின்றுபோயிருந்த ஜகன்மோகினி இதழை வாங்கி நடத்தும்படி அவருக்கு யோசனை கூறியவர் இவரே. கோதைநாயகி 1925 இல் அவ்விதழைப் பொறுப்பேற்றுப் பல்லாண்டுகள் நடத்தியதோடு, நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களையும் எழுதினார்.

தழுவல்

ஐயங்காரின் கதைகளுள் பல ஆங்கிலப் புதினங்களின் தழுவல்கள். குறிப்பாக, இலண்டன் நகரத்து மர்மக் கதைகளால் பெயர்பெற்ற ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸின் (1814 - 1879) செல்வாக்கு இவரிடம் மிகுதி. இக்காரணத்தால் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் இவரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இது முழுதும் நியாயமான மதிப்பீடு அன்று. கதைப்பின்னல் கடன் வாங்கியதாயினும், அதில் நடமாடும் வக்கீல்களும் மாமியார்களும் நாத்தனார்களும் தஞ்சை மாவட்டத்தையும் சென்னையையும் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேச்சும் ஆசாரங்களும் உள்ளூரில் கண்டு எழுதியவை.

மேனகா இதற்குத் தக்க சான்று. தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகளான மேனகா, சென்னையில் வக்கீலாக உள்ள வராகசாமிக்கு வாழ்க்கைப்படுகிறாள். கணவனின் தமக்கையர் சூழ்ச்சி செய்து அவளை ஒரு செல்வந்தனிடம் விற்றுவிடுகின்றனர். அவளைக் காப்பவள் அச்செல்வந்தனின் மனைவி நூர்ஜஹான். கடத்தல், ஆள்மாறாட்டம் எனத் திருப்பங்கள் பல இருப்பினும், வீட்டை விட்டு மறைந்த மனைவியைக் கணவன் ஐயுறுவதே கதையின் உயிர்நாடி. குற்றம் வெளியாரால் அன்றி வீட்டுக்குள்ளேயே தொடங்குவதும் கவனிக்கத்தக்கது. நெடிய வருணனைகளும், நிகழ்ச்சிக்கு நடுவே ஆசிரியர் புகுந்து செய்யும் உபதேசங்களும் இன்றைய வாசகருக்குச் சலிப்பூட்டக்கூடும்.

நாடகமும் திரைப்படமும்

மேனகா கதையை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதனை மேடையேற்றினர். அதே கதை 1935 இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாயிற்று. புராணக் கதைகளே படமாகி வந்த அந்நாளில், தமிழின் தொடக்ககாலச் சமூகப் படங்களுள் ஒன்றாக அது அமைந்தது. என். எஸ். கிருஷ்ணன் நடித்து முதலில் வெளிவந்த படமும் அதுவே.

ஐயங்கார் படைத்த துப்பறிவாளர் திகம்பர சாமியார். மேலைநாட்டுத் துப்பறிவாளரின் வேலையைச் செய்யும் இவருக்குச் சாமியார் என்ற பெயரைச் சூட்டியது ஆசிரியரின் சொந்தக் கற்பனை எனலாம். ஐயங்கார் 1942 இல் காலமான பின்னர், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் கும்பகோணம் வக்கீல் கதையைத் திகம்பர சாமியார் என்னும் பெயரில் 1950 இல் படமாக்கியது. டி. ஆர். சுந்தரம் இயக்கிய அப்படத்தில் எம். என். நம்பியார் பல்வேறு மாறுவேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் வில்லனாகவே அறியப்பட்ட நம்பியாருக்கு, குற்றவாளிகளைப் பிடிக்கும் கதைத்தலைவன் வேடம் இதில் வாய்த்தது.