தன் குடலில் ஒட்டுண்ணியைக் கண்ட துணி வணிகர் லீவன்ஹூக்

மனிதக் குடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணியை முதன்முதலில் கண்டவர் மருத்துவர் அல்லர். நெதர்லாந்தைச் சேர்ந்த துணி வணிகர் ஆண்டன் வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகப் படிப்போ, அக்கால அறிஞர்களின் பொதுமொழியான லத்தீன் அறிவோ அவருக்கு இல்லை.

டெல்ஃப்ட் நகரில் 1632 அக்டோபர் 24 அன்று, கூடை முடைபவரின் மகனாக லீவன்ஹூக் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 16ஆவது வயதில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள துணிக்கடை ஒன்றில் தொழில் பழகச் சென்றவர், 1654இல் சொந்த ஊர் திரும்பிக் கடை வைத்தார். அதே ஆண்டில் பார்பராவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் மரியா மட்டுமே உயிர்பிழைத்தார்.

துணியின் இழைகளைச் சோதிக்க வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். லீவன்ஹூக் தாமே மிகச் சிறிய வில்லைகளைத் தயாரித்து, அவற்றை உலோகத் தகடுகளுக்கிடையே பொருத்தினார். எஞ்சியுள்ள அவரது நுண்ணோக்கிகளில் ஒன்று, பொருள்களைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டக்கூடியது.

தாம் கண்டவற்றை 1673 முதல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியில் கடிதங்களாக எழுதினார். 1674இல் முயலின் பித்தநீரில் முட்டை வடிவத் துகள்களைக் கண்டதாகத் தெரிவித்தார். அவை முயலின் கல்லீரலைத் தாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் எனப் பிற்கால அறிவியலாளர்கள் அடையாளம் கண்டனர்.

நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிரினங்கள் வாழ்கின்றன என்று 1676இல் அவர் எழுதியபோது பலர் நம்பவில்லை. மதகுருக்கள் உள்ளிட்ட உள்ளூர்ப் பிரமுகர்களை அழைத்து நேரில் காட்டி, அவர்களின் சாட்சியத்தை லண்டனுக்கு அனுப்பினார். 1677இல் ராபர்ட் ஹூக் அதே உயிரினங்களைக் கண்டு உறுதிப்படுத்தினார். 1680இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

மறு ஆண்டு, வயிற்றுப்போக்கால் அவதியுற்ற லீவன்ஹூக், தமது மலத்தையே நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அதில் நகர்ந்த நுண்ணுயிரிகளின் தட்டையான அடிப்பகுதியையும், மலம் இயல்பாக இருந்த நாள்களில் அவை தென்படாததையும் 1681 நவம்பர் 4 தேதியிட்ட கடிதத்தில் பதிவுசெய்தார். அது இன்று ஜியார்டியா என அழைக்கப்படுகிறது.

உயிரினங்கள் அழுகிய பொருளிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்ற அக்கால நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆடுகளின் கல்லீரலில் காணப்படும் தட்டைப்புழுக்களையும் ஆராய்ந்தார். 1698இல் உடற்கூறியல் அறிஞர் கோவர்ட் பிட்லோ, அப்புழுக்கள் குறித்த தமது நூலை லீவன்ஹூக்குக்கு எழுதிய கடிதமாகவே வெளியிட்டார். நத்தையின் உடல் வழியாக அவை பரவும் விதம் 1880களில்தான் தெளிவானது.

லீவன்ஹூக் 1723 ஆகஸ்ட் 26 அன்று 90ஆவது வயதில் காலமானார். அவர் ராயல் சொசைட்டிக்கு விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகள் பின்னாளில் காணாமற்போயின.

அவரது வில்லையால் காட்ட முடியாத ஒன்றை மரபணு ஆய்வுகள் இன்று வெளிப்படுத்துகின்றன. மனிதரையும் விலங்குகளையும் தாக்கும் ஜியார்டியா டியோடெனாலிஸ், நுண்ணோக்கியில் ஒரே உருவத்தில் தோன்றினாலும் 'ஏ' முதல் 'ஹெச்' வரை எட்டு மரபணுப் பிரிவுகளைக் கொண்டது. 'ஏ', 'பி' பிரிவுகள் மனிதரிடமும் பல விலங்குகளிடமும் காணப்படுகின்றன. 'இ' பிரிவு பெரும்பாலும் குளம்புடைய கால்நடைகளையே தாக்குகிறது. கல்லீரல் தட்டைப்புழுவிலும் ஃபேசியோலா ஹெபாடிகா, ஃபேசியோலா ஜைஜான்டிகா ஆகிய இரு இனங்களும், ஆசியாவில் இரண்டின் மரபணுக்களும் கலந்த வகைகளும் உள்ளன.

ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கிற்கு வீட்டு மாடு காரணமா, வேறொரு மனிதரிடமிருந்து நீர் வழியே தொற்று வந்ததா என்பதை அறிய இந்த வேறுபாடு உதவுகிறது. கால்நடைக்கு மருந்து தருவதா, குடிநீரைத் தூய்மைப்படுத்துவதா என்ற முடிவும் அதைப் பொறுத்தே அமைகிறது.