வரிசையின் அருமையை உணர்த்திய மேதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

காலை மணி ஒலித்ததும் நாம் வகுப்பு வாரியாக வரிசையில் நிற்கிறோம். திருப்பலியில் நற்கருணை பெறுவதற்கும் ஒருவர் பின் ஒருவராகவே செல்கிறோம். தண்ணீர்க் குழாயடியிலும் வரிசைதான். அங்கே வரிசை தவறினால் என்ன நேரும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே! வரிசை என்பது பெரியவர்கள் நம்மீது சுமத்தும் கட்டுப்பாடு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஒரு நொடியில் கோடிக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றும் கணிப்பொறியும் வரிசை தவறினால் தடுமாறிவிடும். இதை உலகுக்கு எடுத்துக்காட்டி, அதற்கு மருந்தும் கண்டவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அந்த மேதையின் வாழ்க்கையை இங்கே சிறிது காண்போம்.

இளமையும் கல்வியும்

நெதர்லாந்து நாட்டின் துறைமுக நகரமாகிய ராட்டர்டாமில் 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் டைக்ஸ்ட்ரா பிறந்தார். தந்தை வேதியியல் அறிஞர். பள்ளி ஆசிரியராகவும் விளங்கியவர். தாய் கணிதத்தில் வல்லவர். எந்த அலுவலகத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. ஆயினும் மகனுக்கு முதல் கணித ஆசிரியை அவரே எனலாம். கோணவியல் கடினமான பாடமா என்று சிறுவன் ஒருநாள் தாயிடம் கேட்டான். சூத்திரங்களை நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஒரு கணக்கு ஐந்து வரிகளுக்கு மேல் நீண்டால் தவறான வழியில் செல்கிறோம் என்று அறிய வேண்டும் என்றும் தாய் சொல்லிக்கொடுத்தார். சுருக்கமும் தெளிவும் அன்று தொடங்கி அவருடைய வாழ்நாள் முழுவதும் உடன் வந்தன.

டைக்ஸ்ட்ராவின் பத்தாவது பிறந்த நாள் கழிந்த மூன்றாம் நாள், 1940 மே 14 அன்று, ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாம் மீது குண்டுமாரி பொழிந்தன. நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. போரின் கொடுமைக்கு நடுவே வளர்ந்த அவர், சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் பிரதிநிதியாக அமர வேண்டும் என்று விரும்பினார். ஆனால் கணிதத்திலும் அறிவியலிலும் அவர் பெற்ற சிறந்த மதிப்பெண்கள் அவரை வேறு வழியில் திருப்பின. 1948இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் கற்றார்.

பெயரே இல்லாத தொழில்

1951ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் மூன்று வாரக் கணிப்பொறிப் பயிற்சி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட டைக்ஸ்ட்ரா, 1952 மார்ச் மாதம் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பகுதிநேரப் பணியில் சேர்ந்தார். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் பணியில் அந்நாட்டில் முதன்முதல் அமர்ந்தவர் அவரே. ஆனால் அவர் மனத்தில் பெருங்கலக்கம் இருந்தது. இயற்பியலுக்கு மதிப்பு உண்டு. கட்டளை எழுதுவதற்கு என்ன மதிப்பு? அதை ஒரு கல்வியாகவே அன்று யாரும் கருதவில்லை. தம் தலைவரான வான் வைன்கார்டனிடம் அவர் மனம் திறந்து பேசினார். கணிப்பொறிகள் நிலைத்துவிட்டன, இது தொடக்கமே, இத்துறைக்கு மதிப்பைத் தேடித் தருபவர்களுள் ஒருவராக நீங்களே ஏன் இருக்கக்கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி இளைஞரின் வாழ்வை மாற்றியது.

1957இல் அதே மையத்தில் பணியாற்றிய மரியா டெபெட்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். திருமணப் பதிவின்போது தம் தொழில் நிரல் எழுதுவது என்று குறிப்பிட்டார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். இயற்பியலாளர் என்று எழுதிய பிறகே பதிவு முடிந்தது! அதற்கு முந்திய ஆண்டு, வருங்கால மனைவியுடன் கடைவீதிக்குச் சென்று களைத்து, ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்த 20 நிமிடங்களில், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை மனத்திலேயே கண்டுபிடித்தார். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. இன்று உலகெங்கும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

அச்சம் தந்த மணி

அக்காலத்துக் கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்யும். தட்டச்சுக் கருவி ஓர் எழுத்தை அச்சிட்டு முடிக்கும்வரை கணிப்பொறி கைகட்டிக் காத்திருக்கும். இந்த வீண்காலத்தைப் போக்க, எக்ஸ்-1 என்ற இயந்திரத்தை வடிவமைத்த நண்பர்கள் லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் ஒரு புதுமையைச் சொன்னார்கள். கருவி தன் வேலை முடிந்ததும் மணி அடிப்பதுபோல் கணிப்பொறியை அழைக்கும். கணிப்பொறி செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, அழைப்பைக் கவனித்துவிட்டு மீண்டும் தன் வேலைக்குத் திரும்பும். இதற்கு இடைமறிப்பு என்று பெயர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் டைக்ஸ்ட்ராவை நடுங்க வைத்தது. மணி எந்த நொடியில் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் அது அடிக்கலாம். ஆகவே ஒரு தவறு இன்று தோன்றி, நாளை அதே வேலையைச் செய்யும்போது தோன்றாமல் மறைந்துவிடும். திரும்ப வராத தவறை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படித் திருத்துவது? அவர் நெடுநாள் தயங்கினார். இறுதியில் இணங்கினார், ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி இறங்கவில்லை. மணி எப்போது அடித்தாலும் பிழை நேராது என்று சிந்தித்துத் தெளிந்த பிறகே அதற்குரிய நிரலை எழுதினார். அதுவே 1959இல் அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது.

1960இல் சோனெவெல்ட் என்ற நண்பருடன் சேர்ந்து அல்கால் 60 என்ற கணிப்பொறி மொழிக்கு மொழிமாற்றி ஒன்றை உருவாக்கினார். வேலை முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று இருவரும் உறுதி பூண்டனர். வேலை முடிந்ததும் நண்பர் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ராவோ கடைசிவரை தாடியுடனேயே வாழ்ந்தார்.

கைகாட்டி பிறந்தது

1962இல் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அங்கேதான் அவருடைய பெரும்பணி நிகழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கணக்கில் ரூ.500 இருக்கிறது. இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் அந்தத் தொகையைப் பார்க்கிறார்கள். ஒருவர் ரூ.100 கூட்டி 600 என்று எழுதுகிறார். மற்றவர் ரூ.200 கூட்டி 700 என்று அதன்மேல் எழுதிவிடுகிறார். 800 இருக்க வேண்டிய இடத்தில் 700தான் இருக்கிறது. இருவருமே கணக்கில் பிழை செய்யவில்லை, ஆயினும் ரூ.100 காணாமற்போயிற்று! ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் பேரேட்டைத் திறக்கக்கூடாது என்பதே இதற்குத் தீர்வு.

இரண்டு வேலைகளுக்கு மட்டும் பொருந்தும் தீர்வை டெக்கர் என்ற கணித அறிஞர் கண்டிருந்தார். எத்தனை வேலைகள் இருந்தாலும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்டார். அதனினும் எளிதான கருவி ஒன்றையும் அவர் படைத்தார். இரயில் பாதையில் ஒரு வண்டி கடந்து செல்லும்வரை மற்றொரு வண்டியை நிறுத்தி வைக்கும் கைகாட்டியை நாம் அறிவோம். அதன் பெயராகிய செமஃபோர் என்பதையே தம் கருவிக்கும் சூட்டினார். அது ஓர் எண், அவ்வளவே. உள்ளே நுழைய விரும்பும் வேலை அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்கும். குறைக்க இடமில்லையென்றால் ஓரமாக உறங்கிக் காத்திருக்கும். வெளியே வரும் வேலை ஒன்றைக் கூட்டி, காத்திருப்போரில் ஒருவரை எழுப்பிவிடும்.

இக்கருவியைக் கொண்டு அவரும் அவருடைய சிறு குழுவினரும் எக்ஸ்-8 என்ற கணிப்பொறிக்கு ஓர் இயக்க அமைப்பை உருவாக்கினார்கள். மாடி மேல் மாடியாகக் கட்டிடம் எழுப்புவதுபோல் அடுக்கடுக்காக அதை அமைத்தார்கள். அடித்தளம் சரியென்று உறுதியான பிறகே அடுத்த அடுக்கு. சோதனையின்போது 500 கட்டளைகளுக்கு ஒன்று என்ற அளவில் சிறு எழுத்துப் பிழைகளே அகப்பட்டன என்று 1968இல் அவர் எழுதினார்.

மாணவர்களுக்கு 1965இல் அவர் கொடுத்த ஒரு கணக்கு புகழ்பெற்றது. அதற்கு டோனி ஹோர் என்ற அறிஞர் பின்னர் அழகிய கதை வடிவம் தந்தார். வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவ ஞானிகள் அமர்ந்திருக்கிறார்கள். முள்கரண்டிகளும் ஐந்துதான், உண்பதற்கு ஒருவருக்கு இரண்டு வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கக் கரண்டிக்குக் காத்திருந்தால் என்னவாகும்? எவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். உணவு முன்னே இருக்க, ஐவரும் பட்டினிதான்! ஒரே ஒருவர் மட்டும் வலப்பக்கக் கரண்டியை முதலில் எடுப்பது என்று விதி வகுத்தாலும் போதும், இந்தச் சிக்கல் நேராது.

நினைவகத்தின் குறும்பு

இன்று நம் வீட்டுக் கைப்பேசியிலேயே பல செயலிகள் ஒன்றாக உழைக்கின்றன. அவற்றை மேய்க்கும் இயக்க அமைப்பின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அங்கே புதிய தொல்லை ஒன்று எழுந்தது. டெக்கரின் தீர்வில் ஒவ்வொரு வேலையும் முதலில் தன் கொடியை உயர்த்தும். பிறகு அடுத்தவர் கொடி உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். இந்த வரிசை மாறாதவரை இருவரும் ஒன்றாக நுழைய முடியாது. ஆனால் இக்காலச் செயலிகள் வேகத்திற்காக ஒரு தந்திரம் செய்கின்றன. நாம் கணக்கை முதலில் ரஃப் நோட்டில் எழுதி, பிறகு நல்ல நோட்டில் படியெடுப்பதுபோல், எழுத வேண்டியதைத் தம்மிடமே குறித்து வைத்துக்கொண்டு, நினைவகத்தில் பிறகு எழுதுகின்றன. கொடி ரஃப் நோட்டில் இருக்கும்போதே அடுத்தவர் கொடியைப் பார்த்தால், இருவர் கண்ணுக்கும் கொடி தெரியாது. இருவருமே நுழைந்துவிடுவார்கள்!

ஆகவே எழுதியதை எல்லோரும் காணும்படி செய்துவிட்டு அடுத்ததைப் பார் என்று பணிக்கும் தடுப்புக் கட்டளைகள் செயலிகளில் இருக்கின்றன. இன்றைய கெர்னல்களில் பூட்டுகளும் கைகாட்டிகளும், தங்கள் காவலில் உள்ளவை வரிசை பிறழாதபடி இத்தகைய ஏற்பாட்டைத் தமக்குள்ளேயே கொண்டிருக்கின்றன. பல செயலிகள் இருந்தாலும் எல்லாம் ஒரே வரிசையில் நிகழ்ந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பதற்குத் தெளிவான இலக்கணத்தை லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் 1979இல் வகுத்தார்.

இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அந்த இயந்திரத்தின் குறைகளுள் ஒன்று, அதனுள் ஒரே நேரத்தில் ஓடிய வேலைகளுக்கு இடையே சரியான வரிசை இல்லாமையே. இயக்குபவர் மிக விரைவாகத் தட்டச்சு செய்தபோது மட்டும் அந்தத் தவறு தலைகாட்டியது. டைக்ஸ்ட்ரா எதற்கு அஞ்சினாரோ அதுவே நடந்தது.

பிற்கால வாழ்வு

1972இல் கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது அவரை நாடி வந்தது. 1984இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1999இல் ஓய்வு பெற்றார். கணிப்பொறி மேதையாக இருந்தும் தம் கட்டுரைகளை மைப்பேனாவால் கையால் எழுதுவதையே விரும்பினார். எண்ணிட்டு அவர் அனுப்பிய குறிப்புகள் 1,300க்கும் மேல். அரைகுறை வேலையைக் கண்டால் கடுமையாகப் பேசிவிடுவார். அதனால் மனம் நொந்தவர்களும் உண்டு. தம் எழுத்திலும் அவர் அதே கண்டிப்பைக் காட்டினார். 2002 ஆகஸ்ட் 6ஆம் நாள், நெதர்லாந்தின் நியூனன் என்ற ஊரில் புற்றுநோயால் காலமானார்.

அன்புத் தோழியரே! இதுவரை தவறு நேரவில்லை என்பது வேறு. தவறு நேராது என்று தெளிந்திருப்பது வேறு. தேர்வில் எப்படியோ விடை சரியாக வந்துவிட்டால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அந்த விடை ஏன் சரி என்று கேட்டுப் பார்ப்பதில்லை. டைக்ஸ்ட்ரா அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டார். முகம் தெரியாத நோயாளியின் உயிர்கூட அக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. இறைவன் நமக்கு அருளிய அறிவை நாமும் அவ்வாறே கவனத்துடன் பயன்படுத்துவோம். நாளைக் காலை மணி ஒலித்ததும், முண்டியடிக்காமல் நம் முறைக்குக் காத்திருந்து, அம்மேதையை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக!